இயற்கை நியதியும் குவாண்டம் தத்துவமும்

பஞ்சாங்கம் கணிப்போர் அடுத்த ஆண்டில் நிகழவிருக்கும் கிரகணத்தின் நாளையும் நாழிகையையும் இவ்வாண்டே எழுதிவைத்து விடுகின்றனர். குறித்த வேளையில் கிரகணம் பிடிக்கின்றது. குறித்த வேளையில் விடுகின்றது. இயற்கையில் ஒழுங்கு உண்டு என்பதற்கு இதனினும் கண்கூடான சான்று வேண்டுவதில்லை. எனினும், அவ்வொழுங்கு எத்தகையது என்னும் வினா அத்துணை எளிதன்று. சூரிய சந்திரர்கள் ஏதோ ஒரு நியதிக்குக் கட்டுப்பட்டு அவ்வாறு இயங்குகின்றனரா? அன்றி, அவர்கள் இயங்கும் வகையை மாந்தர் நெடுங்காலம் கண்டு தொகுத்த தொகுப்புக்கே நியதி என்னும் பெயர் சூட்டப்பட்டதா? முன்னதாயின் நியதி ஆள்வது. பின்னதாயின் நியதி வெறும் குறிப்பு. இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமை சொல்வேற்றுமை அன்று. உலகம் எதனால் ஒழுங்காக நிற்கின்றது என்னும் வினாவே இதில் அடங்கியுள்ளது.

இவ்வினா தத்துவ நூலோர்க்கே உரியது. ஆய்வுக்கூடத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று பல்லாண்டுகள் கருதப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் தோன்றிய குவாண்டம் இயக்கவியல் அக்கருத்தை மாற்றிற்று. அணுவினுள் நிகழ்வனவற்றை ஆராய்ந்த விஞ்ஞானிகள், தாம் விரும்பியோ விரும்பாமலோ, தத்துவ வினாக்களின் வாயிலில் வந்து நின்றனர். அவ்வினாக்களுள் ஒரு பகுதி சோதனையாலேயே விடை பெற்றது என்பதும், எஞ்சிய பகுதி இன்றும் விடை பெறவில்லை என்பதும் ஒருங்கே அறியத்தக்கவை.

நியதி பற்றிய இரு கொள்கைகள்

1687ஆம் ஆண்டில் நியூட்டன் தம் பெருநூலை வெளியிட்டபோது, மரத்தினின்று விழும் கனிக்கும் வானில் சுழலும் சந்திரனுக்கும் ஒரே நியதி என்பது நிலைநாட்டப்பட்டது. அதன் விளைவாகப் பிரெஞ்சு நாட்டுக் கணித மேதை லாப்லாஸ் 1814ஆம் ஆண்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு கணத்தில் உலகிலுள்ள எல்லாப் பொருள்களின் இடங்களையும், அவற்றின் மேல் செயற்படும் விசைகளையும் அறியவல்ல பேரறிவு ஒன்று இருக்குமாயின், அதற்கு இறந்தகாலமும் எதிர்காலமும் ஒருங்கே விளங்கும் என்பதே அக்கருத்து. இதன்படி நியதி முழுமையானது. தற்செயல் என்பது மாந்தர்தம் அறியாமைக்கு இட்ட பெயரேயன்றி வேறன்று.

இதற்கு முன்னரே ஸ்காட்லாந்து நாட்டு டேவிட் ஹியூம், காரணமும் காரியமும் தொடர்ந்து வருவதைக் கண்கள் காண்கின்றனவேயன்றி, அவ்விரண்டையும் பிணைக்கும் கட்டாயத்தை எவரும் கண்டதில்லை என்று வாதிட்டிருந்தார். தீயை அடுத்துச் சூடு வருகின்றது. வந்தே தீரவேண்டும் என்னும் கட்டாயம் பழக்கத்தால் மனம் கொள்ளும் எதிர்பார்ப்பு என்பது அவர் முடிபு. இக்கொள்கையை இருபதாம் நூற்றாண்டில் விரித்துரைத்தவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் டேவிட் லூயிஸ் ஆவார். சிறுசிறு வண்ணக் கற்களைப் பதித்துச் செய்த தளம் போன்றது உலகம், ஒவ்வோர் இடத்திலும் அவ்விடத்திற்குரிய ஒரு நிகழ்ச்சி, அவ்வளவே உள்ளது. அத்தளத்தின் கோலத்தை மிகச் சுருக்கமாகவும் மிக நிறைவாகவும் எடுத்துரைக்கும் வாக்கியங்களே நியதிகள் என்று அவர் கொண்டார். இதனை மறுத்த ஆஸ்திரேலிய அறிஞர் டேவிட் ஆம்ஸ்ட்ராங், 1983ஆம் ஆண்டில் இயற்கை நியதி பற்றி எழுதிய நூலில், நியதி என்பது பண்புகளுக்கிடையே உண்மையாகவே உள்ள ஒரு பிணைப்பு எனவும், அப்பிணைப்பின்றேல் ஒழுங்கு முழுதும் விளக்கமற்ற தற்செயலாகிவிடும் எனவும் வாதிட்டார்.

இவ்விரு கொள்கைகளையும் மனத்திற் கொண்டு அணுவுலகை நோக்கின், இரண்டுமே அங்கு இடர்ப்படுவதைக் காணலாம்.

அணுவுலகின் கணக்கு

1925ஆம் ஆண்டில் ஜெர்மானிய இளைஞர் ஹைசன்பர்க்கும், 1926ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு ஷ்ரோடிங்கரும் வெவ்வேறு வழிகளில் அணுவின் கணக்கைக் கண்டனர். இரண்டும் ஒன்றே என்பது விரைவில் தெளிவாயிற்று. ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டில் எலக்ட்ரான் ஓர் அலையைப் போல் விவரிக்கப்படுகின்றது. அவ்வலை எதனைக் குறிக்கின்றது என்னும் வினாவுக்கு அதே ஆண்டில் மாக்ஸ் பார்ன் விடை கூறினார்: ஓரிடத்தில் அலையின் அளவை இருமடிப் பெருக்கம் செய்தால், அவ்விடத்தில் எலக்ட்ரான் காணப்படுவதற்குரிய நிகழ்தகவு கிடைக்கும். அஃதாவது, சமன்பாடு எலக்ட்ரான் இங்கே விழும் என்று கூறுவதில்லை. இங்கே விழுதற்கு இத்துணை வாய்ப்பு என்றே கூறுகின்றது.

இதனை விளக்கும் சோதனை ஒன்று புகழ்பெற்றது. இரண்டு நுண்ணிய பிளவுகளின் ஊடே எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பி, அப்பால் உள்ள திரையில் அவை விழும் இடங்களைப் பதிவு செய்வதுண்டு. ஒவ்வோர் எலக்ட்ரானும் ஒரு புள்ளியாகவே விழுகின்றது. நூறு புள்ளிகள் விழும்வரை ஒழுங்கு ஏதும் தென்படுவதில்லை. பல்லாயிரம் புள்ளிகள் சேர்ந்தபின், இரு அலைகள் ஒன்றோடொன்று கலந்தாற் போன்ற வரிகள் திரையில் தெளிவாக எழுகின்றன. ஜப்பானியர் தொனோமுரா குழுவினர் 1989ஆம் ஆண்டில் இக்காட்சியைப் படிப்படியாகப் பதிவு செய்து காட்டினர். எலக்ட்ரான் எந்தப் பிளவின் வழியே சென்றது என்று கருவி வைத்துப் பார்த்தாலோ வரிகள் மறைந்துபோகின்றன. ஒற்றை எலக்ட்ரானின் இடம் எவ்விதியாலும் முன்னறியப்படுவதில்லை. எலக்ட்ரான்களின் தொகுதியோ இம்மியும் பிசகாத ஒழுங்கினை உடையது. தனியொன்றில் நியதி இல்லாதபோது தொகுதியில் அது எங்கிருந்து வந்தது என்பது சிந்திக்கற்பாலது.

அளவீட்டில் எழும் சிக்கல்

குவாண்டம் கணக்கில் இரண்டு விதிகள் உள்ளன. யாரும் அளந்து பாராதவரை அலை ஷ்ரோடிங்கரின் சமன்பாட்டின்படி சீராக, தற்செயலுக்கு இடமின்றிப் பரவுகின்றது. அளந்து பார்த்த கணத்தில், விரிந்து பரவிய அலை ஒரே விளைவாக ஒடுங்குகின்றது. எவ்விளைவு என்பது நிகழ்தகவின்படி அமைகின்றது. 1932ஆம் ஆண்டில் ஃபான் நாய்மன் எழுதிய நூலில் இவ்விரண்டும் தனித்தனியே வரையறுக்கப்பட்டன. ஆயின், அளக்கும் கருவியும் அணுக்களால் ஆயதே. அணுக்கள் யாவும் முதல் விதிக்குக் கட்டுப்பட்டவை எனின், அவற்றால் ஆன கருவி மட்டும் இரண்டாம் விதியை எங்ஙனம் நிகழ்த்தும்? எந்த எல்லையில் முதல் விதி முடிந்து இரண்டாம் விதி தொடங்குகின்றது?

இக்குறையை வெளிப்படுத்தவே 1935ஆம் ஆண்டில் ஷ்ரோடிங்கர் தம் பூனை உவமையைக் கூறினார். ஓர் அணு சிதைந்தால் நஞ்சு வெளிப்படும். சிதையாவிடில் வெளிப்படாது என்றமைந்த பெட்டியில் ஒரு பூனை அடைக்கப்படுகின்றது. முதல் விதியை மட்டும் பின்பற்றினால், திறந்து பாராத பெட்டியில் உயிருள்ள பூனையும் உயிரற்ற பூனையும் கலந்த நிலை ஒன்றே கணக்கில் கிடைக்கும். பூனை உண்மையில் அவ்வாறிருக்கும் என்று நிறுவ அவர் இதனைச் சொல்லவில்லை. கொள்கையில் ஏதோ விடுபட்டுள்ளது என்பதைச் சுட்டவே சொன்னார்.

டென்மார்க் நாட்டு நீல்ஸ் போஹ்ர் இச்சிக்கலுக்கு வேறுவகையாக விடையிறுத்தார். கருவியும் அணுவும் சேர்ந்த முழு ஏற்பாட்டைப் பற்றியே பேசுதல் கூடும். கருவியை நீக்கிவிட்டு அணு தனியே எவ்வாறுள்ளது என்று கேட்பது பொருளற்ற வினா என்பது அவர் கருத்து. கோபன்ஹேகன் கொள்கை என வழங்கும் இதனைப் பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்றுக்கொண்டனர். கணக்கு தவறாமல் பலித்ததால், பொருள் பற்றிய வினா ஒதுக்கி வைக்கப்பட்டது.

ஐன்ஸ்டீனின் ஐயம்

ஒதுக்கி வைக்க உடன்படாதவர் ஐன்ஸ்டீன். இறைவன் பகடையாடுவதாகத் தாம் நம்பவில்லை என்னும் கருத்தை 1926ஆம் ஆண்டில் பார்னுக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெரிவித்தார். ஆயினும் அவருடைய ஆழ்ந்த ஐயம் தற்செயலைப் பற்றியது மட்டுமன்று. காண்பார் இன்றியும் உலகம் தனக்கென ஒரு நிலையை உடையதா என்பதைப் பற்றியதாகும்.

1935ஆம் ஆண்டில் பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய இருவருடன் அவர் வெளியிட்ட கட்டுரையின் வாதம் சுருக்கமானது. ஒன்றாகத் தோன்றிப் பிரிந்துசென்ற இரு துகள்கள் உள்ளன. ஒன்றை இங்கே அளந்த மாத்திரத்தில், நெடுந்தொலைவில் உள்ள மற்றொன்றின் நிலை உறுதியாகத் தெரிந்துவிடுகின்றது. இங்கே அளந்தது அங்கே உள்ள துகளை உடனே தாக்கியிருக்க இயலாது. எனவே, அந்நிலை முன்னரே அங்கு இருந்திருத்தல் வேண்டும். குவாண்டம் கணக்கில் அது காணப்படாமையால் அக்கணக்கு முழுமையற்றது. இதுவே அவர்தம் முடிபு. போஹ்ர் அதே ஆண்டில் மறுப்பு எழுதினார். இருவருள் எவர் சொல் மெய் என்று தீர்க்க வழியில்லை என்று பலரும் கருதினர்.

மேலும், குவாண்டம் கணக்கின் பின்னே மறைந்துள்ள வேறு அளவைகள் இருத்தல் இயலாது என்று ஃபான் நாய்மன் நிறுவிவிட்டதாக ஒரு நம்பிக்கை நிலவிற்று. அந்நிறுவலில் அடிப்படைக் குறை உள்ளது என்பதை கிரெட்டே ஹெர்மன் என்னும் ஜெர்மானியப் பெண் அறிஞர் 1935ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார். அது கவனிக்கப்படவில்லை. 1952ஆம் ஆண்டில் டேவிட் போம், இயலாது எனப்பட்டதையே செய்துகாட்டினார். ஒவ்வொரு துகளுக்கும் எப்பொழுதும் திட்டமான இடம் உண்டு. அலை அதனை வழிநடத்துகின்றது என்னும் அவர் கொள்கை, குவாண்டம் கணக்கின் விடைகளை மாற்றமின்றித் தந்தது. பேரறிஞர் ஒருவரின் பெயரே ஒரு வினாவை இருபது ஆண்டுகள் தடுத்து நிறுத்தியது என்பது விஞ்ஞான வரலாற்றில் மறக்கத்தகாத பாடம்.

பெல் கண்ட அளவுகோல்

அயர்லாந்துத் தீவின் பெல்ஃபாஸ்ட் நகரில் 1928ஆம் ஆண்டில் பிறந்த ஜான் பெல், ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். போமின் கொள்கையைக் கற்ற அவர், அதில் ஒரு துகளின் இயக்கம் தொலைவிலுள்ள மற்றொன்றை உடனே சார்ந்திருப்பதைக் கண்டார். இச்சார்பு போமின் கொள்கைக்கு மட்டும் உரியதா, எக்கொள்கைக்கும் தவிர்க்கவொண்ணாததா என்று வினவினார். 1964ஆம் ஆண்டில் அவர் கண்ட விடை, தத்துவ வினாவைச் சோதனைச்சாலைக்குக் கொண்டுவந்தது. அதன் சாரத்தை ஓர் உவமையால் உணரலாம்.

இரு மாணாக்கர் வெவ்வேறு அறைகளில் அமர்த்தப்படுகின்றனர். ஒருவர் சொல் மற்றவருக்குக் கேட்காது. மூன்று வினாக்கள் உள்ளன. ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரிடமும் அம்மூன்றில் ஏதேனும் ஒன்று கேட்கப்படுகின்றது. எந்த வினா வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. விடை ஆம் அல்லது இல்லை என்பதாக மட்டும் இருத்தல் வேண்டும். ஒரே வினா இருவரிடமும் கேட்கப்படும்போதெல்லாம் இருவர் விடையும் தவறாமல் ஒத்திருப்பதாகக் கொள்க. இதற்குத் தக்க விளக்கம் யாது? அறைக்குள் செல்லுமுன்னரே மூன்று வினாக்களுக்கும் உரிய விடைகளை இருவரும் பேசிவைத்துக்கொண்டனர் என்பதே.

இனி, வெவ்வேறு வினாக்கள் கேட்கப்படும் முறைகளை மட்டும் எடுத்துக்கொள்க. பேசிவைத்த விடைகள் மூன்று. விடை வகைகளோ ஆம், இல்லை என இரண்டே. ஆதலின் மூன்றனுள் இரண்டேனும் ஒத்திருத்தல் தவிர்க்க முடியாதது. மூன்றும் ஒத்திருப்பின் எந்த இரு வினாக்களுக்கும் விடைகள் ஒக்கும். இரண்டு மட்டும் ஒத்திருப்பின், மூன்று இணைகளுள் ஓர் இணை ஒக்கும். எவ்வாறாயினும், நெடுநேரம் கேட்டுவரின், ஒத்த விடைகள் சராசரியில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையலாகாது. 1,200 முறை கேட்டால் ஏறத்தாழ 400 முறையேனும் விடைகள் ஒத்திருத்தல் வேண்டும். மாணாக்கர் எத்துணைச் சூழ்ச்சி செய்தாலும் இவ்வெல்லையைத் தாண்டிக் கீழே செல்லுதல் இயலாது.

ஒன்றாகத் தோன்றும் இரு ஒளித்துகள்களை இம்மாணாக்கராகவும், குறித்த திசையில் அதிரும் ஒளியை மட்டும் செல்லவிடும் தகட்டை மூன்று கோணங்களில் வைப்பதை மூன்று வினாக்களாகவும் கொள்ளலாம். கோணங்கள் 0, 60, 120 பாகைகள். தகட்டைக் கடந்தால் ஆம், கடவாவிடில் இல்லை. இரு பக்கமும் ஒரே கோணமாயின் விடைகள் எப்பொழுதும் ஒத்திருக்கும் என்று குவாண்டம் கணக்கு கூறுகின்றது. வெவ்வேறு கோணங்களாயின் நான்கில் ஒரு பங்கே ஒத்திருக்கும், அஃதாவது 1,200 முறைக்கு 300 என்றும் அதே கணக்கு கூறுகின்றது. நான்கில் ஒன்று மூன்றில் ஒன்றினும் குறைவு. ஆகவே, பேசிவைத்த விடைகள் என்னும் விளக்கமும் குவாண்டம் கணக்கும் ஒருங்கே மெய்யாக இருத்தல் இயலாது. எது மெய் என்பதை எண்ணியே தீர்த்துவிடலாம்.

சோதனையின் தீர்ப்பு

பெல் கண்ட அளவுகோலை ஆய்வுக்கூடத்திற்கு ஏற்றவாறு கிளாசர், ஹார்ன், ஷிமோனி, ஹோல்ட் ஆகிய நால்வர் 1969ஆம் ஆண்டில் திருத்தியமைத்தனர். அவர்தம் கணக்கில், முன்னரே அமைந்த விடைகள் தரக்கூடிய பேரெல்லை 2. குவாண்டம் கணக்கு தரக்கூடியதோ ஏறத்தாழ 2.83. பெர்க்லி நகரில் ஃப்ரீட்மனும் கிளாசரும் 1972ஆம் ஆண்டில் கால்சிய அணுக்களினின்று எழும் ஒளியைக் கொண்டு முதற் சோதனை செய்தனர். பாரிசுக்கு அண்மையில் உள்ள ஓர்சே நகரில் ஆலன் ஆஸ்பே குழுவினர் 1982ஆம் ஆண்டில், ஒளித்துகள்கள் வழியிற் சென்றுகொண்டிருக்கும்போதே கோணங்களை மாற்றிச் சோதித்தனர். இரண்டிலும் குவாண்டம் கணக்கே வென்றது.

ஐயங்கள் முற்றிலும் ஒழியவில்லை. கருவிகள் துகள்களுட் சிலவற்றைத் தவறவிட்டிருக்கலாம். ஒரு பக்கத்துச் செய்தி மறுபக்கத்தை எட்டியிருக்கலாம் என்னும் மறுப்புகள் எஞ்சியிருந்தன. 2015ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் அமைத்த கருவிகள் இவ்விரு மறுப்புகளுக்கும் ஒருங்கே இடமில்லாது செய்தன. அங்குக் கிடைத்த அளவு 2.42. அதே ஆண்டில் வியன்னாவிலும் அமெரிக்காவின் போல்டர் நகரிலும் நடந்த சோதனைகள் இதனை உறுதி செய்தன. கோணத்தைத் தேர்ந்தெடுத்ததே முன்னரே உருவான சூழ்ச்சியோ என்பாரும் உளர். அவர்களுக்கு விடையாக 2018ஆம் ஆண்டில் ஜைலிங்கர் குழுவினர், 700 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திற்கு முன் புறப்பட்ட தொலைவான வான்பொருள்களின் ஒளியைக் கொண்டு கோணங்களைத் தேர்ந்து சோதித்தனர். முடிவு மாறவில்லை. ஆஸ்பே, கிளாசர், ஜைலிங்கர் மூவருக்கும் 2022ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1990ஆம் ஆண்டிலேயே மறைந்த பெல் இதனைக் காண இல்லை.

ஒவ்வொரு கொள்கையும் தரும் விலை

இதனால் ஐன்ஸ்டீன் தோற்றார், போஹ்ர் வென்றார் என்று கூறிவிடுதல் பொருந்தாது. பேசிவைத்த விடை என்னும் விளக்கம் மூன்று தூண்களின் மேல் நிற்பது. ஓரிடத்துச் செயல் தொலைவிடத்தை உடனே தாக்காது என்பது முதலாவது. ஒவ்வொரு சோதனைக்கும் ஒரே ஒரு விளைவுதான் உண்டு, அது காண்பார்க்குப் புறம்பான உண்மை என்பது இரண்டாவது. எதனை அளப்பது என்னும் தேர்வு துகள்களின் நிலையைச் சாராதது என்பது மூன்றாவது. மூன்றும் ஒருங்கே நிற்க இயலாது என்பதே சோதனை காட்டிய உண்மை. எத்தூணை விடுவது என்பதில்தான் கொள்கைகள் வேறுபடுகின்றன.

போமின் கொள்கை முதல் தூணை விடுகின்றது. அதில் உலகம் முழுதும் திட்டமாக உள்ளது. ஆயினும் எங்கோ உள்ள ஒன்று இங்குள்ளதன் இயக்கத்தை உடனே நிர்ணயிக்கின்றது. 1905ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் கண்ட சார்பியலோடு இதனை இசைவிப்பது அரிது. ஹியூ எவரெட் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட கொள்கை இரண்டாம் தூணை விடுகின்றது. அலை ஒருபோதும் ஒடுங்குவதில்லை. எல்லா விளைவுகளும் வெவ்வேறு கிளைகளில் நிகழ்கின்றன. காண்பவனும் கிளைக்கின்றான் என்பது அதன் துணிபு. ஒரே சமன்பாட்டால் எல்லாவற்றையும் ஆளும் பெருமை அதற்கு உண்டு. எல்லாமே நிகழ்வதாயின் நிகழ்தகவு என்பதற்குப் பொருள் யாது என்னும் இடரும் அதற்கு உண்டு. மூன்றாம் தூணை விடுவோர் தொடக்கமுதல் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துமாறு அமைக்கப்பட்டதென்பர். அங்ஙனமாயின் எச்சோதனையின் சான்றும் ஐயத்திற்கு உரியதாகும்.

கிரார்டி, ரிமினி, வெபர் என்னும் இத்தாலியர் மூவர் 1986ஆம் ஆண்டில், அலை தானாகவே மிக அரிதாக ஒடுங்குகின்றது என்று சமன்பாட்டையே திருத்தினர். துகள்கள் மிகப் பல சேர்ந்த பூனை போன்ற பொருள்களில் அவ்வொடுக்கம் நொடிப்பொழுதில் நிகழும். எனவே கலந்த நிலை நீடியாது. காண்பாரைக் கணக்கிலிருந்து நீக்கியது இதன் சிறப்பு. ஆயின் தொலைவுச் சார்பு இதிலும் நீங்கவில்லை. போஹ்ரின் வழிவந்தோரோ, அலை என்பது உலகின் படம் அன்று, காண்பவன் எதிர்பார்ப்பின் அளவே என்பர். இவர்களுக்குத் தொலைவுச் சார்பால் வரும் தொல்லை இல்லை. அதற்கு ஈடாக, காண்பார் இல்லாதபோது உலகில் நிகழ்வது யாது என்னும் வினாவுக்கு விடைகூறும் உரிமையை இவர்கள் துறக்கின்றனர்.

இக்கொள்கைகளுள் பல ஒரே விடைகளைத் தருவன. ஆதலின் இன்றுள்ள சோதனை இவற்றினிடையே தீர்ப்பு வழங்கவில்லை. ஆயினும் விலையின்றி எதுவும் கிடைப்பதில்லை என்பதைச் சோதனை நிலைநாட்டிவிட்டது. எல்லாம் வேண்டும், எதையும் விடமாட்டேன் என்னும் தத்துவத்திற்கு இனி இடமில்லை.

நியதி பற்றிய பாடம்

தொடக்கத்தில் கண்ட இரு கொள்கைகளும் இவ்வொளியில் மறுபரிசீலனை பெறுகின்றன. உலகம் அவ்வவ்விடத்து நிகழ்ச்சிகளைப் பதித்த தளம் என்னும் லூயிஸின் படத்திற்கு, பிணைந்த துகள்கள் இடர் விளைவிக்கின்றன. இரு துகள்களின் கூட்டுநிலை முழுதும் திட்டமாயிருக்க, தனித்தனித் துகளுக்கு அத்தகைய திட்டமான நிலை இல்லாதிருத்தல் கூடும். அஃதாவது, முழுமையின் பண்பு பகுதிகளின் பண்புகளைக் கூட்டிப் பெறத்தக்கதன்று. கற்களை ஒவ்வொன்றாக எண்ணினால் கோலம் கிடைக்காது. ஹியூமின் வழிநின்றோர் சிலர் தளத்தையே வேறுவகையாக வரைந்து இவ்விடரைக் கடக்க முயல்கின்றனர்.

நியதி ஆள்வது என்பாருக்கும் இடர் உண்டு. ஒற்றை எலக்ட்ரானை இங்கே விழு என்று கட்டளையிடாத நியதி, நூறாயிரம் எலக்ட்ரான்களின் வரிசையை மட்டும் எங்ஙனம் ஆள்கின்றது? நியதி கட்டளையிடுவதில்லை, சாய்வை மட்டும் தருகின்றது என்று கொள்ளின், அச்சாய்வு எப்பொருளில் உள்ளது என்று கேட்கவேண்டும். லாப்லாஸ் எண்ணிய பேரறிவுக்கும் இங்கு எல்லை ஏற்படலாம். போமின் கொள்கை மெய்யாயின் ஏற்படாமலும் இருக்கலாம். தற்செயல் அறியாமையின் பெயரா, இயற்கையின் இயல்பா என்பது இன்னும் முடிவுறாத வழக்கு.

இதனிடையே இயற்கை காட்டும் நுட்பம் ஒன்று வியக்கத்தக்கது. பிணைந்த துகள்களின் ஒத்திசைவைக் கொண்டு ஒருவர் மற்றவருக்குச் செய்தி அனுப்புதல் இயலாது. ஒவ்வொரு பக்கத்திலும் தனியே நோக்கினால் வெறும் தற்செயல் வரிசையே தெரியும்; இரு குறிப்பேடுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பின்னரே ஒத்திசைவு புலப்படும். எனவே தொலைவுச் சார்பு இருப்பினும், ஒளியினும் விரைந்து செய்தி செல்லலாகாது என்னும் சார்பியல் நியதி மீறப்படுவதில்லை. இவ்வொத்திசைவை இரகசியச் செய்திகளைக் காக்கப் பயன்படுத்தலாம் என்று எக்கர்ட் 1991ஆம் ஆண்டில் காட்டினார். வீண் தத்துவம் என ஒதுக்கப்பட்ட வினா தொழில்நுட்பத்திற்கும் வித்தாயிற்று.

ஓர் எச்சரிக்கை

குவாண்டம் தத்துவத்தின் பெயரால் வழங்கும் கூற்றுகள் யாவும் ஏற்கத்தக்கவை அல்ல. காண்பவன் மனமே உலகைப் படைக்கின்றது என்று விஞ்ஞானம் நிறுவிவிட்டதாகச் சிலர் எழுதுவர். உணர்வே அலையை ஒடுக்குகின்றது என்னும் கருத்தை விக்னர் 1961ஆம் ஆண்டில் ஆராய்ந்தது உண்மை. பின்னர் அவரே அதனைக் கைவிட்டார் என்பதும் உண்மை. அளவீடு என்னும் சொல்லுக்குக் கண்டு உணரும் மனம் என்று பொருளில்லை. பதிவு செய்யும் கருவியே போதும். கருவியும் காற்றும் ஒளியும் சூழ்ந்து மோதுவதால் பெரும்பொருள்களில் அலைவரிகள் மறைகின்றன என்பதை 1970ஆம் ஆண்டு முதல் ஜே என்னும் ஜெர்மானியரும் அவர்வழி வந்தோரும் விளக்கினர். அவ்விளக்கமும் பல விளைவுகளுள் ஒன்றே ஏன் காணப்படுகின்றது என்பதை முழுதும் தீர்ப்பதில்லை.

ஷ்ரோடிங்கர் வேதாந்தத்தில் ஈடுபாடு உடையவர் என்பது பலரும் அறிந்தது. உபநிடதக் கருத்துகளைத் தழுவி அவர் தம் உலகநோக்கை எழுதியது 1925ஆம் ஆண்டின் இலையுதிர் காலம். அலைச் சமன்பாட்டை வெளியிட்டது அதற்கு அடுத்த ஆண்டு. சமன்பாட்டிலிருந்து வேதாந்தத்தை அவர் வருவிக்கவில்லை. வேதாந்தத்திலிருந்து சமன்பாட்டையும் வருவிக்கவில்லை. ஒன்று மற்றொன்றுக்குச் சான்று என்று அவர் வாதிடவும் இல்லை. பிரத்தியட்சத்தாலும் அனுமானத்தாலும் அறியத்தக்கவற்றை அவற்றாலேயே அறிதல் வேண்டும் என்பது பழைய நூலோர்க்கும் உடன்பாடான முறை. நாளைய சோதனையால் மாறக்கூடிய ஒரு விளக்கத்தின் மேல் நிலைத்த நம்பிக்கையைக் கட்டுவது, விஞ்ஞானத்திற்கும் நன்றன்று, நம்பிக்கைக்கும் நன்றன்று.

முடிபு

கிரகணம் குறித்த வேளையில் பிடித்து விடுவதைக் கண்டு, நியதி எளிதில் விளங்கிவிட்டது என்று எண்ணுதல் இயல்பு. அணுவின் அளவில் நோக்கும்போதோ, கணக்கு தவறாமல் பலிப்பது வேறு, அக்கணக்கின் பொருளை அறிவது வேறு என்பது புலனாகின்றது. முன்னதில் மாந்தர் பெரும் வெற்றி கண்டுள்ளனர். பின்னதில் இன்னும் வழிநடையில் உள்ளனர். வழி அடைபட்டது என்று பலரும் கூறிய வேளையில் ஹெர்மன், போம், பெல் ஆகியோர் வினாவைக் கைவிடாமையால்தான் ஒரு கதவு திறந்தது. எக்கொள்கையை மேற்கொள்ளினும், அதற்குரிய விலையை அறிந்து மேற்கொள்வதும், பிறர் கொள்கைக்குரிய விலையைத் தன்னுடையதினும் மிகுத்துக் கூறாமையும் அறிவுடையோர் கடமையாகும். விடை தெரியாத இடத்தில் வினாவைத் தெளிவாக வைத்திருப்பதும் ஒருவகைக் கல்வியே.